தண்டியடிகளின் கயிறு

நுழையும்முன்

ஒரு தொழிலைக் கற்றுத் தேர்வதற்குக் கண் எந்த அளவுக்குத் தேவை? பார்வையற்றோர் கைத்தொழில்களிலும் அலுவலகப் பணிகளிலும் தேர்ச்சி பெறுவது எவ்வாறு? தேர்ச்சி பெற்ற பின்னரும் பணியிடத்தில் அவர்கள் எதிர்கொள்ளும் பாகுபாடு எத்தகையது? அதனைக் களையச் சட்டம் என்ன செய்துள்ளது? காவிரிப் படுகையின் பழங்கதை ஒன்றைத் துணையாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

கை அறிந்த வேலை

நாகூர்க் கடற்கரையில் வலை செப்பனிடுவோரைக் கண்டிருக்கிறீர்களா? மணலில் வலை விரிந்து கிடக்கும். நூல் சுற்றிய ஊசி கண்ணிக்குள் நுழைந்து, வளைந்து, முடிச்சிட்டு இறுகும். அவ்வேலையில் கைதேர்ந்தவர் தம் கையைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அவருடைய கண் கடலின்மேல் இருக்கும். வாய் அருகிலிருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கும். அறுந்த கண்ணி எது, முடிச்சு இறுகியதா, அடுத்த கண்ணியின் அளவு சரியா என்பனவற்றையெல்லாம் விரல்களே முடிவு செய்கின்றன. பல ஆண்டுப் பயிற்சி அந்த அறிவைக் கைக்குள் இறக்கி வைத்திருக்கிறது.

அதே ஊரில், தர்காவுக்குச் செல்லும் தெருவில் பார்வையற்ற ஒருவர் நின்றால் நாம் என்ன செய்கிறோம்? சட்டைப்பையைத் துழாவிக் காசு எடுக்கிறோம். அவர் எதற்காக நிற்கிறார், எங்கே செல்கிறார், என்ன தொழில் தெரிந்தவர் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. ஈகை நற்பண்பே. ஆயினும், அந்தக் கை ஏந்துவதற்கு மட்டுமே உரியது என்று நாமாக முடிவு செய்துவிடுவது நற்பண்பாகாது. பார்வையுள்ளவர் கண்ணால் பாராமலே செய்யும் வேலையைப் பார்வையற்றவரால் செய்ய இயலாது என்று எதைக்கொண்டு கூறுகிறோம்? இவ்வினாவுக்கு, நாகூரிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள ஓர் ஊரின் பழங்கதை விடை வைத்திருக்கிறது.

கமலாலயக் கரையில்

நாகூரில் தொடர்வண்டி ஏறி நாகப்பட்டினம் கடந்து மேற்கே சென்றால் திருவாரூரை அடையலாம். அங்குள்ள திருக்குளம் கமலாலயம். ஐந்து வேலிப் பரப்பு என்று ஊரார் பெருமையுடன் கூறும் குளம் அது. அக்குளத்தை அகழ்ந்த பார்வையற்ற ஒருவரின் வரலாற்றைச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரிய புராணத்தில் பதிவு செய்துள்ளார். அவர் பெயர் தண்டியடிகள்.

குளம் தூர்ந்து சுருங்கி வருவதை அறிந்த தண்டியடிகள் அதனைத் தாமே ஆழப்படுத்த முற்பட்டார். பார்வையில்லாத ஒருவர் பள்ளத்தில் மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்பி, மேட்டுக்குச் சுமந்து சென்று கொட்டிவிட்டு, மீண்டும் அதே பள்ளத்துக்குத் திரும்புவது எங்ஙனம்? அதற்கு அவரே வழி கண்டார். குளத்தின் உள்ளே ஒரு முளையை நட்டார். கரையில் மற்றொரு முளையை நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டு கரையேறினார். அதனைத் தடவிக்கொண்டே பள்ளத்தில் இறங்கினார். வேலை நடந்தது.

அவ்வேலையைக் காணப் பொறாத சிலர் குறுக்கிட்டனர். முதலில், தோண்டினால் சிற்றுயிர்கள் மடியும் என்று அறிவுரை கூறுவார் போலத் தடுத்தனர். அவர் இணங்காதபோது அவருடைய குறையைச் சுட்டி எள்ளினர். இறுதியில் மண்வெட்டியையும் கூடையையும் பறித்து, முளைகளையும் பிடுங்கி எறிந்தனர். கதையின் முடிவில் இறையருளால் அவர் பார்வை பெறுகிறார்.

பக்தி நூலாகிய பெரிய புராணத்துக்கு அம்முடிவே தலையாயது. தொழிலைப் பற்றிச் சிந்திக்கும் நாம் முடிவுக்கு முந்தைய பகுதியை ஊன்றிக் கவனிக்க வேண்டும். தண்டியடிகள் பார்வை பெற்ற பின்னர் வேலையைத் தொடங்கவில்லை. பார்வையின்றியே தொடங்கினார், திறம்படச் செய்தும் வந்தார். அவருக்கு வேண்டியவை இரண்டு முளைகளும் ஒரு கயிறுமே. வேலை நின்றதற்குக் காரணம் அவருடைய கண் அன்று, பிறர் பிடுங்கிய கயிறு. பணியிடப் பாகுபாடு என்று இன்று நாம் குறிப்பிடுவதன் முழு வடிவத்தையும் இந்தச் சிறு நிகழ்ச்சியில் காணலாம்.

விரலும் வரிசையும்

பார்வையின்றித் தொழில் செய்வதில் மாயம் எதுவும் இல்லை. அதற்கு முறை உண்டு. முதலாவது, இடம். ஒவ்வொரு கருவிக்கும் ஓரிடம் வகுத்து, எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்தல். இரண்டாவது, வரிசை. ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, மாறாத ஒழுங்கில் செய்தல். மூன்றாவது, தொடுகையும் ஒலியும். பிரம்பு நாற்காலி பின்னுபவர் சட்டத்தின் துளைகளை விரலால் எண்ணுகிறார். நெடுக்கும் குறுக்கும் மூலைவாட்டிலும் இழைகளைச் செலுத்துகிறார். இழுவிசையைக் கையால் அறிகிறார். துளையிடும் பொறியில் வேலை செய்பவருக்கு உலோகத்துண்டை உரிய இடத்தில் நிறுத்தும் தாங்கி ஒன்று போதும். அளவெடுக்க, தொட்டறியும் குறிகள் பொறித்த அளவிகள் உள்ளன. இவை யாவும் தண்டியடிகளின் கயிற்றுக்கு உறவானவை.

இம்முறைகளுள் தலைசிறந்ததாகிய பிரெய்லி எழுத்தும் ஒரு தொழிற்பட்டறையோடு தொடர்புடையது. லூயி பிரெய்லி 1809 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் கூப்வ்ரே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் செய்பவர். மூன்று வயதில் அப்பட்டறையில் விளையாடியபோது தோலில் துளையிடும் குத்தூசி கண்ணில் பாய்ந்தது. அந்தப் புண் மறு கண்ணுக்கும் பரவியதால் முழுப் பார்வையும் போயிற்று. பாரிசிலுள்ள பார்வையற்றோர் பள்ளியில் பயின்ற அவர், தம் பதினைந்தாம் வயதில், 1824 ஆம் ஆண்டில், ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுதும் முறையை உருவாக்கினார். ஆறு புள்ளிகளிலிருந்து அறுபத்து மூன்று வடிவங்கள் பிறக்கின்றன. எழுத்தும் எண்ணும் இசைக்குறியும் அவற்றுள் அடங்கும். தாளில் அப்புள்ளிகளைக் குத்துவதற்குப் பயன்படுவதும் குத்தூசி போன்றதொரு கருவியே. அவர் பயின்ற பள்ளியே சில காலம் அம்முறையைத் தடுத்தது. 1852 இல் அவர் மறைந்தார். பள்ளி அம்முறையை 1854 இல்தான் முறையாக ஏற்றது.

தெரிந்து தெளிவோம்

இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெய்லி முறை 1951 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒரே ஒலிக்கு எல்லா மொழிகளிலும் பெரும்பாலும் ஒரே புள்ளி வடிவம் அமைவதால், தமிழ் பிரெய்லி பயின்றவர் பிற இந்திய மொழிகளின் பிரெய்லியை எளிதில் கற்கலாம். சட்டத்தையும் குத்தூசியையும் கொண்டு எழுதும்போது வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் புடைத்து நிற்கும். அவற்றை இடமிருந்து வலமாகப் படிப்பர்.

பாட்டும் பட்டறையும்

தமிழ்ச் சமூகம் பார்வையற்ற புலவர்களைப் போற்றியிருக்கிறது. இரட்டைப் புலவருள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் நடக்க இயலாதவர். அந்தகக்கவி வீரராகவ முதலியாரும் பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலரும் அரசவைகளிலும் செல்வர் மனைகளிலும் சிறப்புப் பெற்றவர்கள். பாட்டும் இசையும் பார்வையற்றோர்க்கு உரியவை என்று ஏற்ற சமூகம், உளியையும் தறியையும் கணக்கேட்டையும் அவர்களிடம் தரத் தயங்கியது. பாட வல்லவர் போற்றப்பட்டார். பாட வராதவர் இரக்க நேர்ந்தது.

இந்நிலையை மாற்றக் கல்வி முதற்படியாயிற்று. இந்தியாவில் பார்வையற்றோர்க்கான முதற்பள்ளியை ஆனி ஷார்ப் அம்மையார் 1887 இல் அமிர்தசரசில் தொடங்கினார். 1890 இல் ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்று தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களில் பார்வைத்திறன் குறையுடைய மாணவர்க்கான அரசுப் பள்ளிகள் இயங்குகின்றன.

தொழிற்பயிற்சிக்குப் போரே காரணமாயிற்று. முதல் உலகப்போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1915 இல் இலண்டனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்னும் நிலையத்தை ஆர்தர் பியர்சன் நிறுவினார். அவரும் பார்வையிழந்தவரே. தச்சு, பாய் பின்னுதல், காலணி செப்பனிடுதல், சுருக்கெழுத்து, தொலைபேசி இணைப்பு, உடல் பிடித்துவிடும் சிகிச்சை ஆகியன அங்குக் கற்பிக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரின்போது, 1943 இல், இந்திய வீரர்களுக்காக டேராடூனில் அத்தகைய நிலையம் உருவாயிற்று. விடுதலைக்குப்பின் 1950 இல் அது பார்வையற்ற பெரியோர்க்கான பயிற்சி மையமாக வளர்ந்தது. நேற்றுவரை துப்பாக்கி ஏந்திய வீரரை, பார்வை போனதும் ஒன்றுக்கும் உதவாதவர் என்று கூற எந்த நாட்டுக்கும் மனம் வரவில்லை. அந்தக் கடப்பாட்டிலிருந்து பிறந்த பயிற்சி, பிறவியிலேயே பார்வையற்றோர்க்கும் பின்னர்ப் பயன்பட்டது.

இதில் ஒரு குறையும் நேர்ந்தது. பிரம்பு பின்னுதல், சுண்ணக்கட்டி செய்தல், தொலைபேசி இணைப்பு என்று ஒரு சில வேலைகளே பார்வையற்றோர்க்குரியவை எனப் பட்டியல் போடப்பட்டன. நெகிழி நாற்காலி வந்ததும் பிரம்புக்கு மதிப்புக் குறைந்தது. தானியங்கி இணைப்பகம் வந்ததும் தொலைபேசி இயக்குநர் பணி அருகிற்று. தேர்ந்த தொழிலாளர் தம் குறையாலன்றித் தொழிலின் வீழ்ச்சியால் வேலையிழந்தனர். பிற தொழிலாளர் வேறு தொழிலுக்கு மாறினர். பட்டியலுக்குள் அடைக்கப்பட்டோர்க்கு மாற வழியில்லை.

கணினி அவ்வழியை ஒரு புறம் திறந்தது. திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருளால் கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் நிரல் எழுதவும் முடிகிறது. அத்தகைய மென்பொருள்களுள் பலரும் பயன்படுத்தும் என்விடிஏ என்பதை 2006 இல் உருவாக்கத் தொடங்கியவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்னும் இரு இளைஞர்கள். இருவரும் பார்வையற்றவர்கள். அம்மென்பொருளை விலையின்றி உலகுக்கு வழங்கினர். தண்டியடிகளைப் போலவே தமக்கு வேண்டிய கயிற்றைத் தாமே கட்டிக்கொண்டனர்.

பிடுங்கப்படும் முளைகள்

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறையுடையோர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர். அவர்களுள் படித்தும் பயிற்சி பெற்றும் வேலை தேடுவோர் சந்திக்கும் தடைகள் ஏறக்குறைய ஒரே வகையின.

முதல் தடை நேர்காணலில் எழுகிறது. வேலை பற்றிய வினாக்களுக்கு மாறாக, "மாடிப்படி எப்படி ஏறுவீர்கள்? யார் உங்களை அழைத்து வருவார்கள்?" என்னும் வினாக்கள் எழுகின்றன. சிற்றுயிர்கள் மடியும் என்று கூறியவர்களைப் போல, பாதுகாப்பின் பெயரால் மறுப்பு வருகிறது. இரண்டாம் தடை, வேலை கொடுத்தும் வேலை தராமை. ஒதுக்கீட்டை நிரப்புவதற்காகப் பணியில் அமர்த்திவிட்டு, ஒரு மூலையில் நாற்காலியிட்டு உட்கார வைப்பது அன்புபோல் தோன்றும். அது ஒருவருடைய திறனை நாள்தோறும் அவமதிப்பதாகும். மூன்றாம் தடை, ஊதியமும் பதவி உயர்வும். அதே வேலைக்குக் குறைந்த கூலி தருதலும், கீழ்ப்பணியே போதும் என்று நிறுத்திவைத்தலும் இவ்வகையின. நான்காம் தடை, பணியிலிருக்கும்போதே பார்வையிழந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிடுதல். இருபது ஆண்டுப் பட்டறிவு ஒரே நாளில் மறைந்துவிடுவதில்லை, மறைந்ததாகக் கருதப்படுகிறது.

எல்லாத் தொழிலும் எல்லார்க்கும் இயலும் என்று இங்குக் கூறவில்லை. பேருந்து ஓட்டுவதற்குக் கண் வேண்டும், இதில் ஐயமில்லை. ஆனால் பேருந்துப் பணிமனை முழுவதற்கும் கண் வேண்டும் என்பது பிழை. இந்த வேலையின் இன்றியமையாத கூறுகள் யாவை, இந்த மனிதர் தக்க துணைக்கருவியுடன் அவற்றைச் செய்ய வல்லரா என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஆராய்வதே நேர்மை. ஆராயாமலே இயலாது என்று தீர்ப்பது பாகுபாடு.

சட்டம் கட்டிய கயிறு

இந்திய நாடாளுமன்றம் 1995 இல் இயற்றிய சட்டம், அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 விழுக்காடு இடம் ஒதுக்கியது. ஐக்கிய நாடுகள் அவை 2006 இல் ஏற்ற உடன்படிக்கையை இந்தியா 2007 இல் உறுதிசெய்தது. அதன் வழிவந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 இல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒதுக்கீடு 4 விழுக்காடாயிற்று. அதில் 1 விழுக்காடு பார்வையற்றோர்க்கும் குறைபார்வையுடையோர்க்கும் உரியது.

இச்சட்டத்தின் உயிர்நாடி 'நியாயமான தகவமைப்பு' என்னும் கருத்தாகும். மாற்றுத்திறனாளர் மற்றவர்க்கு நிகராக உரிமைகளைத் துய்ப்பதற்கு வேண்டிய மாற்றங்களை, அளவுக்கு மீறிய சுமையாகாத வகையில் செய்து தருதல் என்பது அதன் பொருள். கணினிக்கு ஒரு திரைபடிப்பான், கோப்பை மின்வடிவில் தருதல், நடைவழியில் பொருள்களைக் குவிக்காமை, தேர்வில் எழுத்தர் உதவி ஆகியன எடுத்துக்காட்டுகள். அத்தகைய தகவமைப்பை மறுப்பதும் பாகுபாடே என்று சட்டம் தெளிவாக வரையறுக்கிறது. கயிற்றைப் பிடுங்குவது மட்டுமன்று, கட்டித்தர மறுப்பதும் குற்றம் என்று இதனை நாம் கொள்ளலாம். அரசு நிறுவனத்தில் குறையைக் காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கலாகாது. பணிக்காலத்தில் குறை நேர்ந்தவரை நீக்கலாகாது. பழைய வேலை இயலாதெனில் அதே ஊதியத்தில் வேறு வேலை தருதல் வேண்டும்.

சட்டநூலில் உள்ளது வாழ்க்கைக்கு வர வழக்குகள் தேவைப்பட்டன. தமிழ்நாட்டு வழக்குரைஞர் ஒருவர் உரிமையியல் நீதிபதிப் பணிக்கு விண்ணப்பித்தார். 40 முதல் 50 விழுக்காடு வரை குறையுடையோர்க்கே அவ்விடம் என்னும் வரம்பினால், 70 விழுக்காடு பார்வைக் குறையுடைய அவரது விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 2019 இல் உச்ச நீதிமன்றமும் அவ்வரம்பைச் சரியென்றது. ஈராண்டுக்குப்பின், 2021 இல், வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், நியாயமான தகவமைப்பைக் கருதாது வழங்கப்பட்ட அத்தீர்ப்பு முன்மாதிரியாகாது என்றது. 2025 மார்ச் 3 ஆம் நாள், பார்வையற்றோர் நீதித்துறைப் பணிக்குத் தகுதியற்றோர் என்று கூற முடியாது என நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்து, அவர்களை விலக்கிய மத்தியப் பிரதேச விதியை நீக்கியது.

தொழில்நுட்பப் பணியிலும் ஒரு தமிழ்நாட்டு வழக்கு கருதத்தக்கது. மின்வாரியத்தின் உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வான ஒருவருக்கு நிறக்குருடு இருப்பதாகக் கூறிப் பணி மறுக்கப்பட்டது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தக்க பிரிவில் அவருக்கு அப்பணியை வழங்குமாறு ஆணையிட்டது. மின்கம்பிகளின் நிறத்தைப் பிரித்தறிவது மட்டுமே பொறியாளரின் வேலையன்று என்பதை இத்தீர்ப்பு உணர்த்துகிறது.

உங்கள் வகுப்பில் ஒருவர்

ஆந்திரப் பிரதேசச் சிற்றூர் ஒன்றில் வேளாண் குடும்பத்தில் பிறந்த ஸ்ரீகாந்த் பொல்லா, பத்தாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றார். உங்களைப் போலப் பதினொன்றாம் வகுப்பில் சேர வந்தபோது அறிவியல் பிரிவு அவருக்கு மறுக்கப்பட்டது. படங்களையும் வரைபடங்களையும் பார்வையற்றவர் எங்ஙனம் பயில்வார் என்பது காரணம். அவர் நீதிமன்றம் சென்று வென்றார். ஆசிரியர் ஒருவர் பாடநூல்களை ஒலிப்பதிவு செய்து தந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் 98 விழுக்காடு மதிப்பெண் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பயின்று திரும்பி, 2012 இல் ஐதராபாத்தில் பொல்லாண்ட் இண்டஸ்ட்ரீஸ் என்னும் தொழிற்சாலையை நிறுவினார். அதில் மாற்றுத்திறனாளர் பலர் பணிபுரிகின்றனர். வேலை மறுக்கப்படும் இனத்தில் பிறந்தவர், வேலை தருபவராக உயர்ந்தார்.

சென்னையைச் சேர்ந்த பெனோ செபின், முழுப் பார்வையின்மையோடு பாரத ஸ்டேட் வங்கியில் அலுவலராகப் பணியாற்றியவர். 2013 ஆம் ஆண்டுக் குடிமைப்பணித் தேர்வில் 343 ஆம் இடம் பெற்றார். முழுப் பார்வையற்ற ஒருவரை அதுவரை ஏற்றிராத இந்திய அயலகப் பணியில் 2015 இல் சேர்ந்தார். பெற்றோர் வாசித்துக் காட்டிய நூல்களும் திரைபடிக்கும் மென்பொருளும் அவருக்குக் கயிறாயின.

இவ்விருவரும் அரிய மனிதர்கள். ஆனால் ஒரு சமூகம் நேர்மையானதா என்பதை அரியவர்களைக் கொண்டு அளவிடலாகாது. நடுத்தரத் திறனுடைய பார்வையுள்ள ஒருவருக்கு வேலை கிடைக்கிறது. அதே திறனுடைய பார்வையற்றவருக்கும் கிடைக்க வேண்டும். வேலை பெறுவதற்காக அவர் வழக்காடி, சாதனை படைத்து, நாளிதழில் இடம்பெற்றாக வேண்டும் என்னும் நிலை இருக்கும்வரை முளைகள் பிடுங்கப்பட்டே கிடக்கின்றன.

நிறைவாக

நாளை உங்களுள் சிலர் தொழிற்கூடம் நடத்துவீர்கள். சிலர் நேர்காணல் மேசையின் மறுபுறம் அமர்வீர்கள். பலர் பார்வையற்ற ஒருவருக்கு அருகில் அமர்ந்து பணியாற்றுவீர்கள். நாற்காலியை இடம் மாற்றினால் அவரிடம் சொல்லுங்கள். எடுத்த கருவியை எடுத்த இடத்தில் வையுங்கள். அவரைப் பற்றி உடன் வந்தவரிடம் கேட்காமல் அவரிடமே பேசுங்கள். வேலையில் பிழை நேர்ந்தால் மற்றவர் பிழையைச் சுட்டுவது போலவே சுட்டுங்கள்; நன்றாகச் செய்தால் மற்றவரைப் பாராட்டுவது போலவே பாராட்டுங்கள். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

திருவாரூர்க்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் கமலாலயத்தின் படித்துறையில் சற்று அமருங்கள். பார்வையற்ற ஒருவர் கூடை கூடையாக மண் சுமந்ததாகத் தமிழர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் குளம் அது. அந்த மண்ணைச் சுமக்க அவருக்கு ஒரு கயிறு போதுமாயிருந்தது. அத்தகைய கயிறுகளை அவிழாமல் காக்கும் பொறுப்பு இன்று நம்முடையது.